எழுத்தும் கண்ணும்: வாகூர்ச் செப்பேடு முதல் கணிப்பொறித் திரை வரை

தமிழ் எழுத்து வடிவின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். வட்டெழுத்து எங்ஙனம் வழக்கொழிந்தது, கிரந்தம் எவ்வாறு தமிழோடு உடன் நின்றது, மெய்யெழுத்தின் புள்ளி எக்காலத்து மறைந்து எக்காலத்து மீண்டது என்பன கல்வெட்டறிஞராலும் மொழிநூலாராலும் விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. ஆயின் அவ்வெழுத்து படிப்போன் கண்ணுக்கு எவ்வாறு புலப்பட்டது, புலப்படாதவிடத்து அவன் யாது செய்தான் என்னும் வினா அத்துணை விரிவாக எழுப்பப்பெற்றிலது. இன்று இவ்வினா பழமையைப் பற்றியது மட்டுமன்று. செய்தியும் நூலும் அரசாணையும் கணிப்பொறித் திரையிலும் கைப்பேசியிலும் படிக்கப்படுங்காலம் இது. அத்திரையில் எழுத்தின் அளவையும் நிறத்தையும் வரி இடைவெளியையும் படிப்போனே மாற்றிக்கொள்ளலாம். அவ்வுரிமை எங்ஙனம் தோன்றியது, தமிழுக்கு அது எவ்வளவு பயன்படுகின்றது, எங்கே பயன்படாது ஒழிகின்றது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குப் புதுச்சேரியின் நாட்டுப்புறக் கொம்யூன்களாகிய பாகூரையும் வில்லியனூரையும் தொடக்கமாகக் கொள்கின்றோம். நகருக்குத் தெற்கே பாகூரும் மேற்கே வில்லியனூரும் அமைந்துள்ளன. கல், செம்பு, ஓலை, அச்சு ஆகிய நான்கின் சான்றுகளும் இச்சிறு நிலப்பரப்பிலும் இதனை அடுத்த நகரிலும் ஒருங்கே கிடைத்தல் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வாய்ப்பாகும்.

1. கல்லும் செம்பும்

பாகூரின் பழம்பெயர் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 877-ஐ ஒட்டிய காலத்தில், வாகூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் அறமாக அளிக்கப்பெற்றன. அக்கொடையைக் கூறும் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பெற்றது. வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்ததாகிய 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்டதொரு கல்லூரியைக் குறிக்கின்றது. ஆகவே, இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே இப்பகுதி கல்விக்கு இடமாயிருந்தது என்பது தெளிவு.

கல்லிலும் செம்பிலும் வெட்டிய எழுத்து மாறாதது. மாறாமை கருதியே அவற்றில் வெட்டினர். அதன் அளவும் ஆழமும் இடைவெளியும் வெட்டியவனால் முடிவு செய்யப்பெற்றவை. படிப்போன் மாற்றக்கூடியது தன் நிலை ஒன்றே. அருகிற் செல்லலாம், ஒளி சாய்ந்து விழும் காலையையோ மாலையையோ தேர்ந்துகொள்ளலாம். உச்சிவெயிலில் தெரியாத வரி, சாய்வொளியில் குழிகளில் நிழல் விழுதலால் தெரிதலைக் கல்வெட்டுப் பயின்றோர் நன்கறிவர்.

கல்வெட்டறிஞர் இதனினும் ஒரு படி மேற்சென்றனர். நனைந்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துக் குழிகளில் பதியச் செய்து, மேற்பரப்பில் மை ஒற்றுவர். அவ்வாறு எடுத்த மைப்படியில் கரிய பரப்பிடையே எழுத்து வெண்ணிறமாய்த் தோன்றும். எழுத்தின் வடிவு மாறவில்லை. எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் உள்ள நிறவேறுபாடே மிகுவிக்கப்பெற்றது. இன்று திரையைக் கரும்பின்புலத்துக்கு மாற்றிப் படிப்போர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆயினும் மைப்படி எடுத்தல் பயின்றோர் தொழில். கோயிலுக்கு வந்த உழவன் அதனைச் செய்ய இயலாது. பாகூர்க் குப்புசாமி தொகுத்து விசயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதிகள் 2006-இலும் 2010-இலும் வெளிவந்த பின்னரே, இவ்வூர்ச் சுவர்களில் நின்ற எழுத்து மேசைமேல் வைத்துப் படிக்கும் எழுத்தாயிற்று.

2. ஓலை

ஓலையில் இரும்பு எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கீறிய அளவில் நிறமற்றது. விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் கலந்து தடவித் துடைத்த பின்னரே கீறல்களில் மை தங்கி எழுத்துப் புலப்படும். இதனை மையாடல் என்பர். நாட்பட்டு மை மங்கிய ஏட்டுக்கு மீண்டும் மையாடுதலும் உண்டு. எனவே, எழுத்தை எழுதுதல் ஒரு செயல், அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்தல் பிறிதொரு செயல் என்னும் வேறுபாடு ஓலைக் காலத்திலேயே நம்மவர்க்குத் தெரிந்திருந்தது.

ஆயின் ஓலையின் இயல்பு தமிழ் எழுத்துக்கு ஓர் இழப்பையும் விளைத்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியர் கூறிய இலக்கணம். ஆனால், எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைப்பின் ஓலை துளைபடும். ஆதலின் ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர். கல்வெட்டுகளிலும் புள்ளி அருகியே காணப்படும். நெட்டெழுத்தின் காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களிடையே இடமும் விடப்படவில்லை. இவையனைத்தையும் படிப்போன் தன் புலமையால் நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்ணின் குறையைக் கல்வி ஈடுசெய்த காலம் அது. அக்கல்வி இல்லாதவர்க்கு ஏடு திறந்திருந்தும் மூடியதே.

நாற்பது ஆண்டினைக் கடந்தோர்க்கு அண்மைப் பார்வை குறைதலை நம் மக்கள் வெள்ளெழுத்து என்று வழங்குவர். குறை கண்ணினது, பெயரோ எழுத்தினது. படிப்போன் நோக்கில் எழுத்தே வெளுத்து மறைகின்றது என்னும் பட்டறிவை இச்சொல் பொதிந்து வைத்திருத்தல் கருதத்தக்கது. ஓலைக் காலத்தில் அத்தகையோர்க்கு இருந்த வழி, இளையோர் ஒருவரைப் படிக்கச் செய்து தாம் கேட்டலே.

3. அச்சு

1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற தம்பிரான் வணக்கத்தில் தமிழ் எழுத்து முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சேறியது. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுத்தொழிலைத் தொடங்கியபோது, செருமனியின் ஆலே நகரில் செய்து அனுப்பப்பெற்ற தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாயிருந்தன. தாளோ அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பெற்றன. எழுத்தின் அளவை ஈண்டு முடிவு செய்தது படிப்போன் கண்ணன்று. தாளின் விலையே ஆகும்.

அச்சு, புள்ளியை மீட்டது. ஓலையைத் துளைக்கும் என்ற அச்சம் ஈயத்துக்கும் தாளுக்கும் இல்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கொம்பின் வடிவால் வேறுபடுத்திய வீரமாமுனிவரின் திருத்தமும் அச்சின் வாயிலாகவே நிலைபெற்றது. சொல்லிடை வெளியும் நிறுத்தற்குறியும் பத்திப் பகுப்பும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் வாயிலாகப் பரவின. இவற்றால் படிக்கும் கண்ணின் உழைப்புக் குறைந்தது.

இவ்வரலாற்றில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது ஆங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுசெல்லப்பெற்று, வேப்பேரியிலிருந்த பப்பிரிசியுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்ப் புதுச்சேரி மறைப்பணியாளரின் அச்சுக்கூடத்தில் முசே, துய்ப்புயி என்போர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாய் வெளிவந்தது.

எனினும் அச்சிலும் படிப்போன் உரிமை விரிந்திலது. அச்சுக்கோப்போன் அமைத்த அளவே அளவு. சிறிய எழுத்தைப் படிக்க இயலாதவன் மூக்குக்கண்ணாடியை நாடினான். இல்லையேல் படித்தலையே விடுத்தான்.

4. திரையின் முதற்காலம்

கணிப்பொறி இந்நிலையை அடியோடு மாற்றியது. கல்லிலும் ஓலையிலும் தாளிலும் எழுத்தும் அதன் தோற்றமும் பிரிக்கவொண்ணாதவை. கணிப்பொறியிலோ எழுத்து ஓர் எண்ணாகச் சேமிக்கப்படுகின்றது, இது குறியேற்றம். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு. இரண்டும் வேறாதலின், சேமித்த எழுத்தை மாற்றாமலே அதன் தோற்றத்தை வேண்டியவாறு மாற்றலாம்.

ஆனால் தமிழுக்கு இப்பயன் உடனே கிட்டவில்லை. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனவே ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓர் இணையத்தளம் எவ்வெழுத்துருவில் அமைக்கப்பெற்றதோ அதனையே படிப்போனும் தன் கணிப்பொறியில் நிறுவவேண்டும். உலாவியின் அமைப்புகளில் பயனர் வரையறை என்னும் குறியேற்றத்தைத் தெரிந்து, அதற்கு அவ்வெழுத்துருவைப் பொருத்தவும் வேண்டும். தவறின், திரையில் தோன்றுவன பொருளற்ற உரோமன் எழுத்துகளே. ஆகவே தமிழ் இணையத்தின் முதற்படிப்பாளர் ஒவ்வொருவரும் திரையமைப்பை மாற்றக் கற்றவராயினர். எழுத்தை எளிதாக்குதற்கன்று, எழுத்தாகக் காண்பதற்கே அவர்க்கு அஃது வேண்டியிருந்தது.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடும் பொதுக் குறியேற்றத்தை ஆராய்ந்தன. பிந்தியதன் பயனாகத் தமிழ்நாட்டரசு, தாம், தாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழநூல்களைத் திரையிற் படிக்கும் வடிவில் உலகெங்குமுள்ள தமிழர்க்கு வழங்கியது. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்ததாயினும், கணிப்பொறிகள் அதனைத் தாமே காட்டத் தொடங்கியது விண்டோசு 2000-ஐ ஒட்டிய காலத்திலேதான். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன்பின் எழுத்துருவைத் தேடி நிறுவும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

5. படிப்போன் உரிமையும் தமிழின் அளவும்

இணையப்பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்வோர் யார், அமைத்தவரா, படிப்பவரா என்னும் வினா அதன் தொடக்க நாள்முதலே இருந்தது. 1994-இல் ஓக்கன் வியூம் இலீ முன்மொழிந்த நடைத்தாள் முறை, அமைப்போர் விருப்பத்தையும் படிப்போர் விருப்பத்தையும் படிமுறையாக இணைத்துத் தோற்றத்தை அமைக்கக் கருதியது. 1996 திசம்பரில் அஃது உலகளாவிய பரிந்துரையாயிற்று. 2008-இல் வெளியான அணுகுதன்மை நெறிமுறைகள், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினும் பக்கம் பயன் கெடாதிருத்தல் வேண்டும் என்றும், இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் வீதத்திற் குறையலாகாது என்றும் வகுத்தன. படிப்போன் உரிமை, இவ்வாறு, நெறியாக எழுதப்பெற்றது.

ஆயினும் இவ்வளவுகள் பெரும்பாலும் உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு பயின்றவை. உலாவிகள் இயல்பாகக் கொள்ளும் எழுத்தளவு 16 படவணு. அவ்வுயரத்துள் தமிழ் எழுத்தின் உடலும், அதன் மேலெழும் புள்ளியும் இகர ஈகார விலங்குகளும், கீழிறங்கும் உகர ஊகாரக் குறிகளும் ஒருங்கே அமைய வேண்டும். ஆதலின் உடல் சுருங்கும். புள்ளியோ ஓரிரு படவணுக்களாய் நிற்கும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வேறுபாடும், கொம்பின் குறில் நெடில் வேறுபாடும் மங்கும். ஓலை துளைபடும் என்று அன்று விடுத்த புள்ளி, அளவு சிறுத்தமையால் இன்று திரையில் மறைகின்றது. எழுதியவர் வைத்த புள்ளியைப் படிப்பவர் மீண்டும் ஊகித்துக்கொள்ளும் நிலை உண்டாகின்றது.

இதற்குத் தீர்வாவன எளிய சில செயல்களே. திரையின் நுண்மையைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது பழைய கண்ணாடிக்குழாய்த் திரைக்கு ஏற்றது. இன்றைய தட்டைத் திரையில் அது விளிம்புகளை மங்கச் செய்யும். ஆகவே நுண்மையை அதன் இயல்பளவிலேயே வைத்து, அமைப்புகளில் உருப்பெருக்கத்தை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துதல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக்கக் கண்ட்ரோல் விசையோடு கூட்டற்குறியை அழுத்தினாற் போதும். சுழியை அழுத்தினால் பழைய அளவு மீளும். பயர்பாக்சு உலாவி, தமிழுக்கெனத் தனியே எழுத்துருவையும் குறைந்த எழுத்தளவையும் குறித்துவைக்க இடந்தருகின்றது. உரோமன் எழுத்தின் அளவு மாறாமலே தமிழ் பெரிதாதல் இதன் சிறப்பு. விளம்பரமும் பட்டியும் நீக்கி உரையை மட்டும் காட்டும் வாசிப்புநிலை உலாவிகள் பலவற்றில் உண்டு. வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்காயின், மேல்வரியின் உகரக் கீழ்க்குறியும் கீழ்வரியின் இகர விலங்கும் மோதா. கரும்பின்புலம் ஒளிக்கூச்சம் உடையார்க்கு உதவும். விழியில் உருத்திரிபு உடையார் சிலர்க்கு அதுவே எழுத்தைக் கசியச் செய்யும். எனவே அவரவர் கண்ணே ஈண்டு அளவுகோலாகும்.

தமிழுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பழைய அச்சுக்கோப்போர் வரி முடிவில் சொல்லை வேண்டியவிடத்துப் பிரித்து, இணைப்புக்குறியும் இன்றி அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வர். உலாவிகளோ இயல்பாகச் சொல்லிடை வெளியில் மட்டுமே வரியை மடக்கும். கைப்பேசியின் குறுகிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கியவழி, புணர்ந்து நீண்ட சொல் ஒன்று வரியைக் கடந்து வெளியே ஓடும். ஆராய்ச்சிக் கட்டுரையாளராகிய நாம் விரும்பிக் கையாளும் நெடுந்தொடர்ச் சொற்கள், பார்வை குறைந்த படிப்போர்க்கு இவ்வகையிலும் சுமையாகின்றன.

6. மீண்டும் கல்லாகும் எழுத்து

மேற்கூறிய உரிமையனைத்தும் ஒன்றன்மேல் நிற்பவை: எழுத்து, குறியேற்றம் பெற்ற எழுத்தாக இருத்தல் வேண்டும். தாளில் அச்சிட்ட சுற்றறிக்கையை ஒளிப்படமாக எடுத்து இணையத்தளத்தில் ஏற்றினால், திரையில் தோன்றுவது எழுத்தன்று, எழுத்தின் படம். அதனைப் பெரிதாக்கின் படம் பெரிதாகுமேயன்றி வரி மடங்காது. ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் தள்ளவேண்டும். எழுத்துருவை மாற்ற இயலாது; வரி இடைவெளியைக் கூட்ட இயலாது; பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கும் அது நேரே புலப்படாது. பழைய தனிக்குறியேற்றத்தில் அமைந்த கோப்புகளும் ஏறக்குறைய இந்நிலையினவே. அவை பெரிதாகுமாயினும், வேறெழுத்துருவுக்கு மாற்றிய அளவில் தமிழாகா.

இதன் விளைவை ஊர்ப்புறத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். பாகூரில் ஓர் உழவர் மானிய அறிவிப்பையோ, வில்லியனூரில் ஒரு மூதாட்டி ஓய்வூதியப் படிவத்தையோ கைப்பேசியில் காண்பதாகக் கொள்வோம். இருவர்க்கும் வெள்ளெழுத்து. அறிவிப்பு எழுத்தாக இருப்பின், விரலால் அமைப்பை மாற்றித் தாமே படிப்பர். படமாக இருப்பின் பேரனையோ அண்டை வீட்டாரையோ நாடுவர்; தம் கணக்கையும் தம் குறையையும் பிறர் முன் வைப்பர். ஓலைக் காலத்து முதியோர் பிறரைப் படிக்கச் செய்து கேட்டதற்குக் காரணம் ஓலையின் இயல்பு. இவர்க்கு அந்நிலை நேர்வதற்குக் காரணம், ஏற்றியவர் தேர்ந்த முறை. முன்னதற்கு மாற்றில்லை, பின்னதற்கு உண்டு.

இக்குறை அலுவலகங்களுக்கே உரியது எனத் தமிழாய்வுத் துறையினர் ஒதுங்குதல் கூடாது. ஆய்வேடுகளும் ஆராய்ச்சி இதழ்களும் அரிய பதிப்புகளும் படங்களாகவே இணையத்தில் மிகுந்து கிடக்கின்றன. அவை அழியாமற் காத்தமை பெருந்தொண்டே. 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் திரட்டிய சைவச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அத்தகைய சுவடிகளுக்கு ஒளிப்படம் இன்றியமையாதது. ஏட்டின் நிறமும் சிதைவும் கையெழுத்தின் இயல்பும் படத்தாலன்றி விளங்கா. ஆனால் படம் சான்றுக்கு உரியது. எழுத்து படித்தற்கு உரியது. ஒன்று மற்றொன்றன் இடத்தை நிரப்பாது.

இதனை நாம் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. கல்வெட்டறிஞர் ஒரு செப்பேட்டை வெளியிடுங்கால், அதன் ஒளிப்பதிவுத் தட்டையும் எழுத்துப் பெயர்ப்பையும் ஒருங்கே தருதல் நெடுங்கால மரபு. தட்டு, ஐயுறுவோர் ஒப்புநோக்குதற்கு. பெயர்ப்பு, அனைவரும் படித்தற்கு. இம்மரபையே இணையத்துக்கும் கொள்ளுதல் தகும். துறைகள் இனி ஏற்றும் ஆய்வேடு ஒவ்வொன்றையும் ஒருங்குறி எழுத்தாக ஏற்றுதலும், முன்னர்ப் படமாக ஏற்றியவற்றுக்கு எழுத்துப் பெயர்ப்பை இணைத்தலும் முதற்கடன். பட்ட வகுப்பு மாணவர்க்கு ஏட்டுப் பயிற்சியும் கல்வெட்டுப் பயிற்சியும் அளித்தலைப் போலவே, திரையமைப்பை மாற்றும் பயிற்சியை ஒரு வகுப்பில் அளித்தல் இரண்டாவது. அம்மாணவர் தம் ஊர்க்குச் சென்றவிடத்து மூத்தோர்க்கு அதனைக் காட்டித் தருதல் மூன்றாவது. அமைப்பை ஒருமுறை மாற்றிவைத்தால், அதன்பின் அவர் திறக்கும் பக்கங்களில் எழுத்தாய் அமைந்தனவற்றுள் பெரும்பாலானவை அவர் கண்ணுக்கேற்ற அளவிலேயே தோன்றும். அச்செயலுக்கு வேண்டிய காலம், ஓர் ஏட்டுக்கு மையாடும் காலத்தினும் குறைவே.